இடக்கைக்காரருக்கு ஏற்ற போல்ற் றைபிள்: பெருவேட்டைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு

ஒட்டுசுட்டான், நெடுங்கேணிப் பக்கம் வளர்ந்த இடக்கைக்காரனுக்குத் துவக்கில் இடம் வலம் இருப்பதே தெரியாது. அவன் கண்ட துவக்கு அநேகமாக வயல் காவலுக்கு லைசன்ஸ் எடுத்த ஒற்றைக்குழல் 12 போர்தான். நடுவில் மடித்து, ஒரு தோட்டாவைப் போட்டு, நிமிர்த்தி, குதிரையை இழுத்தால் சரி. எந்தத் தோளில் வைத்தாலும் அதற்கு ஒன்றுதான். அதே ஆள் மெல்பேர்னுக்கோ ரொறன்ரோவுக்கோ போய், வேட்டை லைசன்ஸ் எடுத்து, கடைக்காரர் நீட்டிய போல்ற் றைபிளை (கைபிடியைத் தூக்கி இழுத்துத் தோட்டா ஏற்றும் துவக்கு) இடத் தோளில் வைத்துப் பார்க்கும்போதுதான் சிக்கல் தெரியவரும். போல்ற் கைபிடி வலப்பக்கம், கோது (வெடித்த தோட்டாவின் வெற்றுக் கூடு) பாயும் வாசல் வலப்பக்கம், சேஃப்டியும் வலப்பக்கம்.

விடுமுறைக்கு ஊருக்கு வருகிற பெடியள் என்னிடம் அடிக்கடி கேட்கிற விஷயம் இது. நானும் இடக்கைக்காரன். விக்டோரியா மலைகளில் மரைக்குப் (சாம்பர் மானுக்குப்) பின்னால் அலைந்துவிட்டு, இப்போது முத்துஐயன்கட்டுப் பக்கம் தோட்டத்தோடு இருக்கிறேன். ஒவ்வொருவருக்கும் தனித்தனியே சொல்வதை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

இங்கே இல்லை

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். இந்தக் கட்டுரை வன்னிக் காட்டில் வேட்டையாடுவதற்கு அல்ல. மரையும் புள்ளிமானும் 1937ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் பாதுகாக்கப்பட்டவை. துவக்கு வைத்திருப்பதற்கு 1916ஆம் ஆண்டின் சுடுகலன் சட்டம் இருக்கிறது. பயிர்க்காவலுக்கு என்று கிடைக்கிற சொட்கண்ணுக்கும் வருஷா வருஷம் லைசன்ஸ் புதுப்பிக்க வேண்டும். லைசன்ஸ் இல்லாத இடியனும் (குழல் வாயால் மருந்தடைக்கும் நாட்டுத் துவக்கு) கட்டுத்துவக்கும் (மிருகம் தட்டினால் தானாக வெடிக்கக் கட்டி வைப்பது) சட்டத்துக்குள் வராதவை. கட்டுத்துவக்கு பன்றியையும் பார்க்காது, விறகுக்குப் போன மனிசரையும் பார்க்காது. அதை வேட்டை என்று நான் கணக்கெடுப்பதில்லை.

மரை வத்தல் என்றதும் வாய் ஊறுகிற நம் ஆக்களுக்கு ஒரு நல்ல செய்தி உண்டு. அவுஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்துக்கு 1860களில் வெள்ளைக்காரர் கப்பலேற்றிக் கொண்டுபோய் விட்ட மரைகளில் இலங்கை மரையும் அடக்கம். நியூசிலாந்துக்கு 1875இல் போன மரைகளும் இலங்கையிலிருந்து போனவைதான். இன்றைக்கு விக்டோரியாவின் கிழக்கு மலைகளில் அவை பெருகிக் கிடக்கின்றன. லைசன்ஸ் உள்ளவர் காலாற நடந்து, வருஷம் முழுக்கச் சட்டப்படி வேட்டையாடலாம். ஊரில் கைவைக்கக் கூடாத மிருகத்தை அங்கே போய் நேர்மையாக வேட்டையாடலாம். அதனால் கீழே சொல்வதில் மரையை மனதில் வைத்துத்தான் பெரும்பாலும் கதைக்கிறேன்.

கண்ணிலிருந்து தொடங்குங்கள்

கடைக்குப் போகுமுன் செய்ய வேண்டியது இது. காசும் செலவில்லை, துவக்கும் தேவையில்லை. ஊரில் நிற்கும்போதே முற்றத்தில் செய்யலாம்.

நம் வீடுகளில் இடக்கைப் பிள்ளையை அப்படியே விடுவது குறைவு. சோற்றுக் கை என்று அதட்டி, பென்சிலை வலக்கைக்கு மாற்றி, பள்ளிக்கூடத்திலும் அடி வாங்க வைத்து எப்படியோ திருப்பி விடுவார்கள். அப்படித் திரும்பினவர் இன்று வலக்கையால் எழுதுவார், வலக்கையால் சாப்பிடுவார். கல்லெறிகிறது மட்டும் இடக்கையால். கெற்றப்போல் இழுத்ததும் இடக்கையாலாக இருக்கும். ‘நான் வலக்கைதான்’ என்று கடையில் சொல்லி வலக்கை றைபிளை வாங்கிவிட்டு, ஏன் குறி பிடிபடவில்லை என்று பிறகு மண்டையைப் போட்டு உடைப்பவர் இவர்களில் உண்டு.

சோதனை எளிது. இரண்டு கையையும் முன்னுக்கு நீட்டி, உள்ளங்கைகளை ஒன்றின்மேல் ஒன்று வைத்து, பெருவிரல்களுக்கு மேலே ஒரு சிறு ஓட்டை விடுங்கள். இரண்டு கண்ணையும் திறந்தபடி அந்த ஓட்டைக்குள்ளால் தூரத்துப் பனை வட்டையோ கோயில் கலசத்தையோ பாருங்கள். இப்போது வலக்கண்ணை மூடுங்கள். கலசம் ஓட்டைக்குள்ளேயே நின்றால் உங்கள் ஆதிக்கக் கண் இடக்கண். மறைந்துபோனால் வலக்கண். சந்தேகம் என்றால் பார்வையை எடுக்காமல் கைகளை மெல்ல முகத்துக்கு இழுத்து வாருங்கள்; ஓட்டை தானாக ஒரு கண்ணில் வந்து நிற்கும்.

கையும் கண்ணும் இரண்டும் இடம் என்றால் யோசிக்க ஒன்றுமில்லை, இடக்கை றைபிள்தான். கை வலம், கண் இடம் என்றாலோ அதற்கு மறுவளமாக இருந்தாலோ கொஞ்சம் யோசிக்க வேண்டும். சொட்கண்ணில் இது பெரிய தொல்லை. ஸ்கோப் பூட்டிய றைபிளில் மற்றக் கண்ணை மூடிக்கொண்டு சமாளிக்கலாம். ஆனாலும் இதுவரை சுட்டே பழகாத புதியவருக்கு என் சொல் ஒன்றுதான்: கண் எந்தப் பக்கமோ தோளும் அந்தப் பக்கம். பழக்கம் இன்னும் படியவில்லை, இப்போது மாற்றுவது சுகம். இரண்டு வேட்டைக் காலம் போனபின் மாற்றுவதுதான் கஷ்டம்.

வலக்கை றைபிளோடு சமாளிக்கலாமா?

எல்லாரும் கேட்பது இது. வலக்கை றைபிள் கடையில் நிறைய, விலை குறைவு, மச்சான் ஒருத்தர் சும்மா தரவும் தயார். சமாளிக்கலாம்தான். ஆனால் எங்கே என்பதைப் பொறுத்தது.

சுடுதளத்தில், மேசையில் மணல் பையின்மேல் றைபிளைக் கிடத்திச் சுடும்போது இடக்கைக்காரருக்கு வலக்கை போல்ற் உண்மையில் வசதியாகக்கூட இருக்கும். முன்பக்கத்தைப் பை தாங்குகிறது; இடக்கை பிடியிலும் விசையிலும் இருக்க, சும்மா இருக்கிற வலக்கை போல்ற்றை இழுக்கும். அதைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது.

காட்டில் நின்றபடி சுடும்போது கதை வேறு. றைபிளின் முன்பாரத்தை வலக்கை தாங்கிக்கொண்டிருக்கிறது. ஒரு வெடி போகிறது. இப்போது இடக்கை விசையை விட்டு, ஸ்கோப்புக்கு மேலால் மற்றப் பக்கம் போய், கைபிடியைத் தூக்கி, பின்னுக்கு இழுத்து, முன்னுக்குத் தள்ளி, மடக்கி, திரும்பிப் பிடிக்கு வர வேண்டும். அதற்குள் கன்னம் சோங்கை (தோளில் வைக்கும் பின்கட்டையை) விட்டு எழும்பிவிடும், குழல் ஒரு பக்கம் சரிந்துவிடும், ஸ்கோப்பில் மரை இருக்காது. காயப்பட்ட மரை பள்ளத்துப் பற்றைக்குள் இறங்கிவிட்டால் தேடுகிற வேலை இரவுவரை போகும்; மிருகத்துக்கும் கொடுமை. பெருவேட்டையில் இரண்டாவது வெடி ஆடம்பரம் இல்லை, அது மிருகத்துக்குச் செய்ய வேண்டிய கடமை. இடக்கை போல்ற் வேண்டும் என்று நான் அடித்துச் சொல்வதற்கு முதற் காரணம் இது.

இரண்டாவது காரணம் முகம். வலக்கை றைபிளை இடத் தோளில் வைத்தால் கோது பாயும் வாசல் உங்கள் மூக்குப் பக்கமாகவே திறக்கிறது. அபூர்வமாகத் தோட்டாவின் அடி வெடித்துப் புகை பின்னுக்கு வந்தால் அது வரும் திசையில் உங்கள் கண் இருக்கும். எந்தக் கைக்காரராக இருந்தாலும் கண்ணாடி போட்டுத்தான் சுட வேண்டும்; இடக்கைக்காரர் வலக்கை றைபிளோடு நின்றால் இரட்டிப்புக் கட்டாயம்.

காகிதம் முதலில், துவக்கு பிறகு

விக்டோரியாவில் நடுவெடித் தோட்டா (அடியின் நடுவில் தட்டினால் வெடிப்பது) போடும் போல்ற் றைபிள் ‘பி’ வகுப்பில் வரும். பாதுகாப்புப் பயிற்சி முடித்து, நியாயமான காரணம் காட்டி, பொலிசிடம் நீள்துவக்கு லைசன்ஸ் எடுக்க வேண்டும். அதற்குமேல் ஒவ்வொரு துவக்கும் வாங்கத் தனி அனுமதி. முதல் துவக்கு உடனே கையில் வராது. மான் வகைகளை வேட்டையாட வேட்டை லைசன்ஸ் வேறு. வீட்டில் எஃகுப் பெட்டி வேண்டும், தோட்டாவைத் துவக்கோடு வைக்காமல் புறம்பாகப் பூட்ட வேண்டும். பெட்டியை முதலில் வாங்கிச் சுவரில் இறுக்குங்கள். பூட்டி வைக்க இடம் இல்லாத வீட்டுக்குத் துவக்கு கொண்டுவந்துவிட்டுப் பெட்டி தேடுகிற நிலை வரக் கூடாது.

கனடாவில் பாதுகாப்புப் பயிற்சி முடித்துப் பி.ஏ.எல். (PAL) எனப்படும் துவக்கு லைசன்ஸ், ஒன்ராறியோவில் வேட்டைக் கல்வியும் வெளிக்கள அட்டையும் (Outdoors Card) வேண்டும். தென் ஒன்ராறியோவின் பல மாவட்டங்களில் மான் வேட்டைக்கு றைபிளே விடமாட்டார்கள், சொட்கண்ணும் முன்நிரப்பியும் (குழல் வாயால் மருந்தடைக்கும் துவக்கு)தான். அங்கே இருப்பவர் றைபிளுக்குக் காசைக் கொட்டுமுன் தான் போகப்போகும் இடத்தின் விதியைப் பார்க்க வேண்டும்.

இன்னொன்று. நம் வீடுகளில் துவக்கு என்ற சொல்லே பலருக்குக் கனமானது. அம்மாமார் வெறுப்பார்கள், அதில் நியாயமும் உண்டு. மனைவிக்கும் பெற்றோருக்கும் ஒளித்து வாங்காதீர்கள். சாவி எங்கே, தோட்டா எங்கே, பிள்ளைகள் கை எட்டுமா என்று அவர்கள் கேட்கிற கேள்விக்கெல்லாம் பதில் வைத்திருப்பவர்தான் லைசன்ஸுக்கும் தகுதியானவர்.

தோட்டாவைத் தெரிவுசெய்யுங்கள், ஆனால் பட்டியலைப் பார்த்து

வலக்கைக்காரர் முதலில் தோட்டாவைத் தெரிவுசெய்து பிறகு றைபிளைத் தேடுவார். நமக்கு அது சரிவராது. கம்பனிகள் இடக்கை மாதிரிகளைச் சில தோட்டா அளவுகளில் மட்டும்தான் செய்கின்றன. அதனால் உங்கள் நாட்டில் இடக்கையில் கிடைப்பது என்னென்ன என்ற பட்டியலைக் கடையில் கேட்டு வாங்கி, அதற்குள்ளிருந்து தெரிவுசெய்ய வேண்டும்.

மரைக்கு விக்டோரியாவில் நீண்ட காலம் இருந்த குறைந்தபட்ச விதி .270 அங்குல விட்டமும் 130 கிரெயின் எடையும் உள்ள சன்னம் (தோட்டாவிலிருந்து பாயும் தலை). 130 கிரெயின் என்பது எட்டரைக் கிராமுக்குச் சற்றுக் குறைவு. இந்தக் கோட்டை வைத்துப் பார்த்தால் இன்றைக்கு எல்லாரும் புகழ்கிற 6.5 கிறீட்மோர் தட்டுப்பட்டுப் போகிறது, அதன் சன்னம் .264. நல்ல தோட்டாதான், ஆனால் அந்த விதிக்குச் சிறிது. விதிகள் மாறக்கூடியவை, வாங்குகிற வருஷத்து விதியை வேட்டை அதிகாரசபையிடம் சரிபாருங்கள்.

புதியவருக்கு நான் சொல்வது .308 வின்செஸ்டர். 1952இல் வந்த தோட்டா. கிராமத்துக் கடையிலும் இருக்கும், இடக்கைப் பட்டியலிலும் பெரும்பாலும் இருக்கும், உதையும் பொறுக்கலாம். 150 முதல் 180 கிரெயின் வரை சன்னம் கிடைக்கும். 200 கிலோவைத் தாண்டும் ஆண் மரைக்கும் அடர்காட்டுத் தூரத்துக்கும் தாராளம். .270 வின்செஸ்டரும் .30-06உம் அதே வேலையைச் செய்யும், கொஞ்சம் நீளமான அக்சன் (போல்ற் ஓடும் பாகம்) தேவைப்படும். உடம்பு மெலிந்தவருக்கு 7 மிமீ-08 அருமையானது. கனடாவில் மூஸ் (மிகப் பெரிய மான் வகை) வேட்டைக்குப் போகிறவருக்கும் .308 அல்லது .30-06 போதும்.

.300 வின்செஸ்டர் மக்னம் மாதிரிப் பெரியவற்றை முதல் துவக்காக எடுக்க வேண்டாம். அது உதைக்கிற உதையில் நாலாவது வெடியிலேயே கண் தானாக மூடத் தொடங்கும். விசையை அழுத்தும்போது தோள் முன்னுக்குப் பாயும். அந்தப் பழக்கம் பிடித்துவிட்டால் விடுவிப்பது பெரும்பாடு. ‘பெரிய மிருகத்துக்குப் பெரிய தோட்டா’ என்று கடையில் நிற்கிற பொழுதுபோக்குக்காரர் சொல்வதைக் கேட்டுச் சிரித்துவிட்டு வாருங்கள்.

றைபிள்

இடக்கைக்காரரைக் கவனித்து வந்த கம்பனிகளில் சாவேஜ் பழையது. அதன் 110 மாதிரி 1950களின் கடைசியிலிருந்தே இடக்கையில் வருகிறது. பின்லாந்தின் டிக்கா டி3எக்ஸ், ரூகர் அமெரிக்கன், பிரவுனிங் எக்ஸ்-போல்ற், றெமிங்டன் 700, வெதர்பி இவையும் இடக்கையில் வந்தவை. ஜெர்மனியின் பிளேசர் ஆர்8 நேராக இழுக்கிற போல்ற். இடக்கைக்கும் உண்டு, விலையைக் கேட்டால் தலை சுற்றும். என் விருப்பம் டிக்கா. போல்ற் வழுக்கிக்கொண்டு ஓடும், கைபிடியை 70 பாகைதான் தூக்க வேண்டும், ஸ்கோப்பில் விரல் முட்டாது. காசு இறுக்கம் என்றால் ரூகர் அமெரிக்கனோ சாவேஜோ எடுத்தால் குறைவில்லை. மரைக்கு எது சுட்டது என்று தெரியப்போவதில்லை.

கடையில் கையில் எடுத்ததும் பார்க்க வேண்டிய இடம் சேஃப்டி. பிரவுனிங், சாவேஜ், ரூகர் அமெரிக்கனில் அது பின்னால் நடுவில், பெருவிரலுக்கு நேரே இருக்கும். இரு கைக்கும் பொது. பக்கத்தில் இருக்கிற வகை என்றால் இடக்கை மாதிரியில் அது இடப்பக்கம் மாற்றப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். பழைய துவக்குகளைக் கைவேலையாக மாற்றியவர்கள் போல்ற்றை மட்டும் மாற்றிவிட்டு சேஃப்டியை வலப்பக்கமே விட்டிருப்பார்கள். டிக்காவில் சேஃப்டி போட்டால் போல்ற்றும் பூட்டிக்கொள்ளும். தோட்டாவை வெளியே எடுக்க சேஃப்டியை விடுவித்துத்தான் ஆக வேண்டும். அந்த நேரம் குழல் எங்கே பார்க்கிறது என்பதில் கவனம். சாவேஜின் மூன்று நிலை சேஃப்டியும் பிரவுனிங்கின் கைபிடிப் பொத்தானும் சேஃப்டியை விடுவிக்காமலே போல்ற்றைத் திறக்க விடும்.

பிறகு சோங்கு. வலக்கைச் சோங்கில் கன்னம் வைக்கும் மேடு இடப்பக்கம் இருக்கும். நமக்கு அது வலப்பக்கம் இருக்க வேண்டும். இணைய விளம்பரத்தில் ‘இடக்கை’ என்று போட்டிருந்தாலும் படத்தைப் பெருப்பித்து மேடு எந்தப் பக்கம், கைபிடி எந்தப் பக்கம், வாசல் எந்தப் பக்கம் என்று மூன்றையும் தனித்தனியே பாருங்கள். இரு பக்கமும் ஒரே மாதிரியான பிளாஸ்ரிக் சோங்கு என்றால் பிரச்சினை இல்லை. மழைக்கும் அதுதான் நல்லது.

நீள அளவு: முழங்கையை 90 பாகை மடித்து, மடிப்பின் உட்புறத்திலிருந்து சுட்டுவிரலின் முதல் மூட்டுவரை அளந்து பாருங்கள். கடைத் துவக்குகள் அநேகமாக பதின்மூன்றரை அங்குலத்துக்கும் 14 அங்குலத்துக்கும் இடையில் செய்யப்பட்டவை, வெள்ளைக்காரரின் கை நீளத்துக்கு. நம்மில் பலருக்கு அது கொஞ்சம் நீளம். அதற்குமேல் குளிர்காலத்தில் தடித்த ஜக்கற்றும் சேரும். ஜக்கற்றைப் போட்டுக்கொண்டு கடைக்குப் போங்கள், வெயிலாக இருந்தாலும் வெட்கப்பட வேண்டாம். கண்ணை மூடித் தோளில் வைத்து, கண்ணைத் திறந்ததும் ஸ்கோப்புக்குள் முழு வட்டமும் தெரிகிறதா? கழுத்தை நீட்டி நெளிய வேண்டியிருந்தால் அது உங்கள் துவக்கு இல்லை. பின்தட்டை இடையில் வளையம் வைத்து நீட்டவும் எடுத்துக் குறைக்கவும் கூடிய சோங்குகள் உண்டு, கேட்டுப் பாருங்கள்.

பழைய துவக்கு வாங்குவது நல்ல யோசனைதான், ஆனால் இடக்கையில் சந்தைக்கு வருவது குறைவு. நல்லது வந்தால் பேரம் பேசிக்கொண்டு நிற்க நேரம் கிடையாது. விற்கும்போதும் அதேதான்: வாங்குகிறவரும் இடக்கைக்காரராக இருக்க வேண்டும்.

ஸ்கோப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. 3-9x40 (3 முதல் 9 மடங்கு பெரிதாக்கும், 40 மிமீ முன்வில்லை) போதும், அடர்காட்டில் 3இல் வைத்துக்கொண்டு நடவுங்கள். கண்ணிலிருந்து ஒன்பது சென்ரிமீற்றரளவு தள்ளி நிற்கிற மாதிரிப் பூட்டுங்கள், இல்லாவிட்டால் உதையில் புருவம் கிழியும். பூட்டியதும் போல்ற்றை முழுக்கத் தூக்கி, கைபிடிக்கும் ஸ்கோப்பின் பின்பக்கத்துக்கும் நடுவில் கையுறை போட்ட விரல் போகுமா என்று பாருங்கள். ஸ்கோப் ஏற்றும் தட்டும் இடக்கை அக்சனுக்கு உரியதா என்று கேளுங்கள். சில ஒற்றைத் தட்டுகள் வலக்கை வாசலுக்கு வெட்டப்பட்டவை, நமக்கு வாசலை அரைவாசி மறைக்கும்.

வாங்கிய பிறகு

100 மீற்றரில் குறி சரிசெய்யுங்கள். அடர்காட்டுக்கு நடுப்புள்ளியிலேயே வைக்கலாம். திறந்த மலைச்சரிவில் சுடுகிறவர் .308ஐ 100 மீற்றரில் நாலைந்து சென்ரிமீற்றர் மேலே வைத்தால் 200 மீற்றர் அளவில் நடுவுக்கு வரும்.

அதைவிட முக்கியம் வீட்டுப் பயிற்சி. தோட்டாப் பெட்டி வேறு அறையில் பூட்டியிருக்க வேண்டும், அறைக்குள் ஒரு உயிர்த் தோட்டாவும் இருக்கக் கூடாது. வாசலைத் திறந்து கண்ணாலும் விரலாலும் வெறுமை என்று உறுதிசெய்து, வெடிக்காத பயிற்சித் தோட்டாவைப் போடுங்கள். நின்றபடி சுவரில் ஒரு புள்ளியைப் பார்த்து விசையை அழுத்தி, கன்னத்தைச் சோங்கிலிருந்து எடுக்காமல் போல்ற்றை இயக்குங்கள். இடக்கை எழும்பிப் பின்னுக்குப் போய்த் திரும்ப விசைக்கு வரும்வரை கண் ஸ்கோப்பை விடக் கூடாது. மெதுவாகப் போல்ற்றை இழுத்தால் கோது பாதியில் சிக்கும். புதியவர் எல்லாரும் இதைத்தான் செய்வார்கள். கடைசிவரை பலமாக இழுங்கள், கடைசிவரை பலமாகத் தள்ளுங்கள். நல்ல போல்ற்றுக்கு அது நோகாது.

வலக்கைக்காரர் ஒருவரோடு சேர்ந்து வேட்டைக்குப் போகும்போது அவருடைய வலப்பக்கம் நடவுங்கள். இடக்கைக்காரர் தூக்குகிற றைபிளின் குழல் இயல்பாக வலப்பக்கம் சாயும், அவருடையது இடப்பக்கம். அவருடைய இடப்பக்கம் நடந்தால் இரண்டு குழலும் மற்றவரைப் பார்க்கும். ஒருவர் பின் ஒருவராக ஒரே வரிசையில் போகையில் யார் முன்னே, குழல் எந்தத் திசையில் என்று வாகனத்தை விட்டு இறங்கும்போதே பேசி முடிவெடுங்கள். பெரும்பாலும் இடக்கைக்காரர் பின்னால் நின்று குழலை நிலத்துக்கு இறக்கிப் பிடிப்பதே சுகம்.

ஊருக்கு விடுமுறைக்கு வெளிக்கிடும்போது வேட்டைக்குப் போட்ட ஜக்கற், பயணப் பை, காற்சட்டைப் பைகள் எல்லாவற்றையும் உதறிப் பாருங்கள். மூலையில் ஒரு தோட்டா அல்லது வெற்றுக் கோது கிடந்தால்கூடக் கட்டுநாயக்காவில் விளக்கம் சொல்லி முடியாது. வேட்டைப் பையை விமானப் பயணத்துக்கு எடுக்கவே வேண்டாம். வேறு பை ஒன்று வாங்குவது மலிவு.